ஞாபகமில்லாத பலகை: ஜாவாஸ்கிரிப்டில் படம் வரையத் தொடங்குவோருக்கு

வாசலில் போட்ட கோலத்தில் ஒரு இதழ் கோணலாகிவிட்டால் அதைப் பிடித்து இழுத்து நேராக்க முடியாது. அங்கே இதழ் இருக்கிறது என்பது தரைக்குத் தெரியாது. மாவு விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். அழித்துவிட்டு மறுபடி போட வேண்டும். வலைப்பக்கத்தில் ஜாவாஸ்கிரிப்ட் கொண்டு படம் வரையும் கேன்வாஸும் இப்படித்தான். வட்டம் வரையச் சொன்னால் வரையும்; வரைந்த கையோடு அது வட்டம் என்பதையே மறந்துவிடும். மிஞ்சுவது நிறம் மாறிய சில பிக்சல்கள்.

நிரல் எழுதிப் பழகியவர்கள்கூட கேன்வாஸுக்கு வந்ததும் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். பட்டன், பத்தி, பெட்டி என்று பக்கத்தில் எதை வைத்தாலும் அது ஒரு பொருளாக நிற்கும். பிறகு கூப்பிட்டு நிறத்தை மாற்றலாம், ஒளித்து வைக்கலாம், கிளிக் விழுந்ததா என்று கேட்கலாம். வடிவங்களை வடிவங்களாகவே வைத்திருக்கும் எஸ்விஜி என்ற படமுறையில் வரைந்த வட்டமும் அப்படியே. கேன்வாஸில் இந்த வசதி எதுவும் கிடையாது. பதிலுக்குக் கிடைப்பது வேகம். சில ஆயிரம் புள்ளிகளை நொடிக்கு 60 முறை அழித்து அழித்து வரைந்தாலும் அது தாங்கும். அத்தனையையும் எஸ்விஜி உருப்படிகளாக வைத்து அசைத்தால் பக்கம் திணறத் தொடங்கிவிடும்.

அதற்காகக் கேன்வாஸ் முழு மறதிக்காரன் என்றும் சொல்ல முடியாது. மூன்று விஷயங்களை விடாப்பிடியாக வைத்திருக்கும்: பேனாவின் அமைப்புகள், அதாவது நிறம், தடிமன், எழுத்துரு போன்றவை, கோடு போட்டுக்கொண்டே வந்த பாதை, தாளை எவ்வளவு நகர்த்தி, எவ்வளவு திருப்பியிருக்கிறோம் என்ற கணக்கு. ஆரம்பத்தில் வரும் கோளாறுகளில் சில, அது மறந்துவிட்டதால் வருபவை. மற்றவை இந்த மூன்றையும் அது மறக்காததால் வருபவை. பிழை வந்தால் எந்த வகை என்று முதலில் பாருங்கள்; தேடும் நேரம் நிறைய மிச்சமாகும்.

கேன்வாஸ் ஆப்பிளின் கைவேலை. 2004இல் மேக் கணினியின் டேஷ்போர்டில் சின்னச் சின்னக் கருவிகளை வரைவதற்காக வந்தது. 2005இல் ஃபயர்ஃபாக்ஸ் 1.5, அடுத்த ஆண்டு ஓபரா 9, கடைசியாக 2011இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 9 என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். இன்று இது இல்லாத பிரவுசரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

பலகையை விரித்தல்

ஹெச்டிஎம்எல்லில் கேன்வாஸ் டேக் ஒன்றைப் போட்டு, அதற்கு ஒரு ஐடியும், விட்த் 300, ஹைட் 300 என்று இரண்டு அளவுகளும் கொடுங்கள். மூடும் டேக் கட்டாயம். அளவு கொடுக்காமல் விட்டால் பிரவுசர் தானாக 300க்கு 150 என்று வைத்துக்கொள்ளும். இந்த எண்கள் வெறும் எண்கள். பக்கத்தில் அலகு எழுதக் கூடாது. விட்த்தில் 100 சதவீதம் என்று எழுதினால் சதவீதக் குறியைத் தள்ளிவிட்டு 100 பிக்சல் என்று எடுத்துக்கொள்ளும், பிழையும் காட்டாது.

இதை சிஎஸ்எஸ்ஸில் கொடுக்கும் அளவோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். டேகில் உள்ள அளவு, பலகையில் எத்தனை பிக்சல் என்று சொல்கிறது. சிஎஸ்எஸ் அளவு, அந்தப் பலகையைப் பக்கத்தில் எவ்வளவு பெரிதாக இழுத்துக் காட்டுவது என்று சொல்கிறது. டேகில் ஒன்றும் போடாமல் சிஎஸ்எஸ்ஸில் மட்டும் 600க்கு 600 என்று எழுதினால், 300க்கு 150 பலகை அகலத்தில் 2 மடங்கும் உயரத்தில் 4 மடங்கும் இழுபடும். வட்டம் முட்டையாகும், ஓரமெல்லாம் மங்கும். ‘என் வட்டம் ஏன் வட்டமாக இல்லை’ என்று கேட்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, அளவை எங்கே கொடுத்தீர்கள் என்பதைத்தான்.

அடுத்து ஜாவாஸ்கிரிப்டில், ஐடி வைத்து கேன்வாஸைப் பிடித்து, கெட்கான்டெக்ஸ்ட் என்று கூப்பிட்டு, அடைப்புக்குள் ‘2டி’ என்று கொடுத்தால் வரைவதற்கான கருவி கையில் வரும். அதை ஒரு வேரியபிளில் வைத்துக்கொள்ளுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் வேரியபிளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், தடையில்லை. இங்கே அதற்கு ‘பேனா’ என்று பெயர். ‘2டி’யில் வரும் டி சிறிய எழுத்தாக இருக்க வேண்டும். பெரிய எழுத்துப் போட்டால் பேனாவுக்குப் பதில் ‘நல்’, அதாவது ஒன்றுமில்லை என்ற விடை வரும். முப்பரிமாணத்துக்கான வெப்ஜிஎல்லை அதே கேன்வாஸில் முன்பே கேட்டிருந்தாலும் ‘நல்’தான், ஒரு பலகைக்கு ஒரு வகைப் பேனா.

ஸ்கிரிப்டைப் பக்கத்தின் தலையில் வைத்தால் இன்னொரு சிக்கல். ஸ்கிரிப்ட் ஓடும் நேரத்தில் கேன்வாஸ் டேகைப் பிரவுசர் இன்னும் படித்திருக்காது. இல்லாத ஒன்றிடம் கெட்கான்டெக்ஸ்ட் கேட்டதாக, பிரவுசர் பிழைகளைக் காட்டும் கன்சோலில் சிவப்பில் வரும். பக்கத்தைப் படித்து முடித்த பிறகே ஸ்கிரிப்ட் ஓடும்படி அதன் டேகில் ‘டிஃபர்’ சேருங்கள், அல்லது ஸ்கிரிப்டைப் பாடி முடியும் இடத்துக்கு இறக்குங்கள்.

இங்கே கட்டளைப் பெயர்களை ஒலிப்படி எழுதியிருந்தாலும் டைப் செய்வது ஆங்கிலத்தில்தான். இரண்டு சொல் ஒட்டி வந்தால் இரண்டாவது சொல்லின் முதல் எழுத்து பெரிய எழுத்து. ஃபில்ரெக்ட்டில் ரெக்ட்டின் ஆர் பெரியது, ஃபில்ஸ்டைலில் ஸ்டைலின் எஸ் பெரியது. இரண்டிலும் தவறு செய்தால் நடப்பது ஒன்றல்ல. ஃபில்ரெக்ட் ஒரு செயல். தப்பாக எழுதிக் கூப்பிட்டால் அப்படி ஒரு செயல் இல்லை என்று பிழை வரும். ஃபில்ஸ்டைல் ஒரு பண்பு. அதைத் தப்பாக எழுதி நிறம் கொடுத்தால், ஜாவாஸ்கிரிப்ட் அந்தப் பெயரில் புதிதாக ஒரு பண்பை உண்டாக்கிச் சும்மா வைத்துக்கொள்ளும். பிழை கிடையாது, எச்சரிக்கை கிடையாது, எல்லாம் கறுப்பாகவே வரும். நிறத்தின் பெயரில் எழுத்துப்பிழை விட்டாலும் இதே அமைதி. தெரியாத நிறத்தைக் கண்டுகொள்ளாமல் முன்பு இருந்த நிறத்திலேயே தொடரும்.

முதல் புள்ளி வைக்கும் முன்

பள்ளியில் போட்ட வரைபடத்தில் ஒய் அச்சு மேலே ஏறும். இங்கே கீழே இறங்கும். தொடங்கும் புள்ளி இடது மேல் மூலை. அதுதான் 0, 0. எக்ஸ் வலப்பக்கம் வளரும், ஒய் கீழ்நோக்கி வளரும். ஒய்யில் 10 கூட்டினால் படம் 10 பிக்சல் இறங்கும். கோணங்களும் இதனால் புரண்டுவிடும். நேர்க்கோணம் என்றால் கடிகார முள் போகும் திசை. தொடங்கும் இடம் முள்ளின் 3 மணி.

செவ்வகம் மட்டும் ஒரே கட்டளையில் முடியும். ஃபில்ரெக்ட்டுக்கு எக்ஸ், ஒய், அகலம், உயரம் என்று நான்கு எண் கொடுத்தால் உடனே பலகையில் விழும். ஸ்ட்ரோக்ரெக்ட் ஓரத்தை மட்டும் வரையும். கிளியர்ரெக்ட் அந்த இடத்தைத் துடைக்கும். துடைத்தால் வெள்ளையாகாது, ஒளி ஊடுருவும் வெறுமையாகும். பக்கத்தின் பின்னணி தெரியும்.

மற்ற எல்லா வடிவத்துக்கும் பாதை வேண்டும். பிகின்பாத் என்று புதுப் பாதை தொடங்கி, மூவ்டு என்று பேனாவைத் தூக்கி வேறிடத்தில் வைத்து, லைன்டு, ஆர்க் என்று கோடு சேர்த்துக்கொண்டே போக வேண்டும். அதுவரை பலகையில் ஒன்றுமே தெரியாது. ஸ்ட்ரோக் சொன்னால் பாதையின் மேல் கோடு விழும், ஃபில் சொன்னால் உள்ளே நிறம் நிரம்பும்.

37 புள்ளி

7 புள்ளியில் தொடங்கி 4 வரை, ஊடுபுள்ளிக் கோலம். நடுவரிசையில் 7, அதற்கு மேலும் கீழும் 6, 5, 4. மொத்தம் 7 வரிசை, 37 புள்ளி. கையால் வைக்கும்போது முந்தைய வரிசையின் இரு புள்ளிகளுக்கு நடுவே அடுத்ததை வைப்போம். நிரலில் அதையே கணக்காகச் சொல்ல வேண்டும்.

300க்கு 300 பலகை. நடுப்புள்ளி 150, 150. பக்கத்துப் புள்ளிகளுக்கிடையே 40 பிக்சல். வரிசை எண்ணை மைனஸ் 3இலிருந்து 3 வரை ஒரு லூப்பில் ஓட்டுங்கள். வரிசையில் எத்தனை புள்ளி என்பதற்கு, 7இலிருந்து வரிசை எண்ணின் குறியை நீக்கிக் கழித்தால் போதும். முதல் புள்ளியின் எக்ஸ், 150இலிருந்து எண்ணிக்கையில் ஒன்று குறைத்து 20ஆல் பெருக்கியதைக் கழித்தால் வரும். நடுவரிசைக்குச் செய்து பார்த்தால் 150 கழித்தல் 120, அதாவது 30. கடைசிப் புள்ளி 270. மேல் வரிசையில் 4 புள்ளி, 90இல் தொடங்கி 210இல் முடியும். அரைப்புள்ளி நகர்வு தானாகவே வந்துவிடுகிறது. அதற்கென்று தனியாக எதுவும் எழுத வேண்டியதில்லை.

வரிசைகளுக்கிடையே எவ்வளவு? பார்வைக்கு 35 போதும் போலத் தோன்றும். ஆனால் மூன்று பக்கமும் சமமான முக்கோணம் வேண்டுமென்றால் 40ஐ 0.866ஆல் பெருக்கி 34.64 என்று வைக்க வேண்டும். 35 வைத்தால் மேல் மூலையில் உள்ள புள்ளி ஒரு பிக்சலுக்குச் சற்று அதிகமாக விலகி நிற்கும். பிறகு இதழைச் சுழற்றி வரையும்போது நுனி புள்ளியில் சரியாக உட்காராது.

ஒவ்வொரு புள்ளியும் 3 பிக்சல் ஆரமுள்ள வட்டம். ஆர்க்குக்கு மையத்தின் எக்ஸ், ஒய், ஆரம், தொடக்கக் கோணம், முடிவுக் கோணம் கொடுக்க வேண்டும். கோணம் டிகிரியில் அல்ல, ரேடியனில். முழு வட்டம் 2 பை. டிகிரியை மாற்ற பையால் பெருக்கி 180ஆல் வகுக்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. முடிவுக் கோணத்தில் 360 என்று போட்டாலும் முழு வட்டமே வரும், ஏனென்றால் ஒரு சுற்றுக்கு மேல் எது வந்தாலும் முழு வட்டம் என்பதுதான் விதி. அதனால் தவறு வெளியே தெரியாது. அரைவட்டம் வேண்டி 180 போட்டு, மறுபடி முழு வட்டம் வந்து நிற்கும்போதுதான் முழிப்போம்.

லூப்புக்கு வெளியே ஒரே ஒரு பிகின்பாத், உள்ளே 37 ஆர்க், கடைசியில் ஒரு ஃபில் என்று எழுதிப் பாருங்கள். புள்ளிகளுக்கு நடுவே கேட்காத முக்கோணங்கள் நிரம்பி நிற்கும். ஆர்க் என்பது பேனா இருக்கும் இடத்திலிருந்து வட்டத்தின் தொடக்கத்துக்கு ஒரு கோட்டை இழுத்துக்கொண்டுதான் போகும். புள்ளிக்குப் புள்ளி கோடு ஓடி, அந்தக் கோடுகள் அடைத்த இடமும் நிறமாகிவிடுகிறது. ஒவ்வொரு ஆர்க்குக்கும் முன் மூவ்டு போட்டு, வட்டத்தின் 3 மணி இடத்தில், அதாவது எக்ஸில் 3 கூட்டிய இடத்தில், பேனாவைத் தூக்கி வையுங்கள். அல்லது ஒவ்வொரு புள்ளிக்கும் தனியாக பிகின்பாத், ஃபில் போடலாம். 37 புள்ளிக்கு வேகத்தில் வித்தியாசம் தெரியாது.

தாளைத் திருப்புவது

நடுவிலிருந்து ஆறு மூலைப் புள்ளிகளுக்கும் ஆறு இதழ் வேண்டும். ஆறுக்கும் தனித்தனியாக சைன், காஸ் கணக்கிட்டு எழுதலாம். ஆனால் யாரும் எழுதுவதில்லை. ஒரு இதழை மட்டும் எழுதிவிட்டுத் தாளை 60 டிகிரி திருப்பித் திருப்பி அதையே வரைவோம்.

இதழ் 0, 0இலிருந்து 120, 0 வரை போய் மறுபக்கமாகத் திரும்ப வேண்டும். இதற்கு குவாட்ராடிக்கர்வ்டு என்ற கட்டளை. கோடு போய்ச் சேரும் இடத்தோடு, அதைத் தன் பக்கம் இழுக்கும் ஒரு புள்ளியையும் கேட்கும். போகும்போது 60, 30; திரும்பும்போது 60, மைனஸ் 30. வளைவு அந்த இழுப்புப் புள்ளியைத் தொடும் என்று எதிர்பார்க்காதீர்கள். பாதி தூரம்தான் எட்டும். 30 கொடுத்தால் இதழ் நடுவில் ஒரு பக்கத்துக்கு 15 பிக்சல் உப்பும். அதை 40 ஆக்கினால் அடிப்பக்கத்தில் பக்கத்து இதழோடு குறுக்கே வெட்டிக்கொள்ளும், ஏனென்றால் ஒவ்வொரு இதழுக்கும் ஒரு பக்கம் 30 டிகிரி இடம்தான் இருக்கிறது.

வரிசை இப்படி: முதலில், தாளின் இப்போதைய நிலையைக் குறித்துவைக்கும் ஸேவ். பிறகு டிரான்ஸ்லேட் 150, 150. தாளின் 0, 0 பலகையின் நடுவுக்கு வந்துவிடும். ஆறு முறை ஓடும் லூப்பில், பிகின்பாத், இதழ், ஸ்ட்ரோக், அதன்பின் ரொடேட்டுக்குப் பையில் மூன்றில் ஒரு பங்கு. கடைசியில், குறித்துவைத்த நிலையை மீட்கும் ரீஸ்டோர். ரொடேட் எப்போதும் தாளின் 0, 0ஐ அச்சாக வைத்தே திருப்பும். அதனால் டிரான்ஸ்லேட்டுக்கு முன்பே திருப்பினால் இடது மேல் மூலையைச் சுற்றி எல்லாம் சுழன்று, படம் பலகைக்கு வெளியே போய்விடும்.

ரீஸ்டோரை மறந்தால் என்ன ஆகும் என்பதை வேண்டுமென்றே ஒரு முறை செய்து பார்ப்பது நல்லது. முதல் முறை வரையும்போது எல்லாம் சரி. இரண்டாம் முறை வரைந்தால் நகர்ந்த தாளே மேலும் 150, 150 நகர்ந்து, மையம் 300, 300க்குப் போய், வலது கீழ் மூலையில் கால்பங்கு மட்டும் தெரியும். மூன்றாம் முறை பலகையில் ஒன்றும் விழாது. கிளியர்ரெக்ட்டும் நகர்ந்த தாளின் கணக்கிலேயே துடைப்பதால், இடது மேல் பக்கத்தில் பழைய கோலத்தின் துண்டு அழியாமல் நிற்கும். படம் ஒரு முறை வந்து பிறகு காணாமல் போனால் ஸேவ்களையும் ரீஸ்டோர்களையும் எண்ணுங்கள்; இரண்டு எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும்.

மங்கிய கோடு

தடிமன் 1 வைத்து எக்ஸ் 50இல் ஒரு நெட்டுக்கோடு போட்டால், மெல்லிய கறுப்புக் கோட்டுக்குப் பதில் இரண்டு பிக்சல் அகலத்தில் சாம்பல் கோடு வரும். 50 என்பது ஒரு பிக்சல் அல்ல, இரண்டு பிக்சல்களுக்கு இடையிலுள்ள எல்லை. கோடு அதன் இரு பக்கமும் அரை அரையாக, 49.5 முதல் 50.5 வரை படர்கிறது. அரைப் பிக்சலை நிரப்ப முடியாததால் இரண்டையும் பாதி நிறத்தில் நிரப்புகிறது. 50.5இல் போட்டால் ஒரே பிக்சலில் நறுக்கென்று உட்காரும். தடிமன் 2 என்றால் இந்த வேலையே வேண்டாம்.

கைபேசியில் மங்குவதற்குக் காரணம் வேறு. அங்கே சிஎஸ்எஸ்ஸின் ஒரு பிக்சலுக்குள் திரையின் உண்மையான பிக்சல்கள் பக்கத்துக்கு 2, 3 என்று இருக்கும். டிவைஸ்பிக்சல்ரேஷியோ அந்த எண்ணைச் சொல்லும். அது 3 என்றால் கேன்வாஸின் விட்த்தும் ஹைட்டும் 900. சிஎஸ்எஸ்ஸில் 300 பிக்சலாகவே வையுங்கள். பிறகு பேனாவுக்கு ஸ்கேல் 3, 3 என்று ஒரு முறை சொல்லிவிட்டால் பழைய எண்களிலேயே வரையலாம். விண்டோஸ் கணினிகளில் இந்த எண் 1.25 என்றும் வரும்; பெருக்கிய விடையை முழு எண்ணாக்கிக்கொள்ளுங்கள். செலவும் கூடுகிறது என்பதை மறக்க வேண்டாம்: 90,000 பிக்சல் இருந்த இடத்தில் இப்போது 8,10,000.

இந்த விட்த்தை நிரலில் தொட்டாலே பலகை முழுதும் அழிந்துவிடும். இருந்த எண்ணையே மறுபடி கொடுத்தாலும் அழியும். நிறம், தடிமன், ஸ்கேல் எல்லாம் ஆரம்ப நிலைக்குப் போகும். ஜன்னலைச் சுருக்கி விரிக்கும்போது அளவை மாற்றுகிறீர்கள் என்றால், ஸ்கேலை மறுபடி போட்டு, படத்தையும் மறுபடி வரைய வேண்டும். ஆகவே வரையும் வேலை முழுவதையும் முதல் நாளிலிருந்தே ஒரே ஃபங்ஷனுக்குள் வைத்துவிடுங்கள். அதை எப்போது கூப்பிட்டாலும் முழுப்படமும் வர வேண்டும்.

அசைவு

அந்த ஃபங்ஷன் இருந்தால் அசைவுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. துடை, கோணத்தை மாற்று, வரை, மறுபடி துடை. இதற்கு, குறித்த இடைவெளியில் ஃபங்ஷனைக் கூப்பிடும் செட்இன்டர்வல் வேண்டாம், ரிக்வெஸ்ட்அனிமேஷன்ஃபிரேம் போதும். திரை அடுத்த முறை புதுப்பிக்கத் தயாராகும்போது உங்கள் ஃபங்ஷனைக் கூப்பிட்டு, நேரத்தை மில்லிசெகண்டில் கையில் கொடுக்கும். ஒரு முறைதான் கூப்பிடும். தொடர வேண்டுமென்றால் ஃபங்ஷனுக்குள்ளேயே மறுபடி கேட்க வேண்டும்.

கையில் வரும் அந்த நேரத்தைப் பயன்படுத்தாமல் ‘ஃபிரேமுக்கு’, அதாவது ஒவ்வொரு முறை வரைவதற்கும், ‘1 டிகிரி’ என்று எழுதுவது பரவலான தவறு. நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் இதழ்கள் 6 நொடியில் ஒரு சுற்று வரும். அதே பக்கத்தை 120 முறை புதுப்பிக்கும் கைபேசியில் திறந்தால் 3 நொடியில் சுற்றிவிடும். நேரத்தை 1000ஆல் வகுத்து, நொடிக்கு 60 டிகிரி என்று பெருக்கினால் எங்கும் ஒரே வேகம். வேறு டேபுக்குப் போனால் அழைப்பு நின்றுவிடும் என்பதால், முந்தைய ஃபிரேமிலிருந்து எவ்வளவு நேரம் கழிந்தது என்று கணக்கிட்டு நகர்த்தும் விளையாட்டுகளில், திரும்பி வந்ததும் பந்து சுவரைத் தாண்டிப் பாய்ந்திருக்கும். அந்த இடைவெளியை 50 மில்லிசெகண்டுக்கு மேல் போகாமல் வெட்டிவிடுங்கள்.

பிகின்பாத்தை விட்டுவிட்டால் அதன் விளைவு அசைவில்தான் பளிச்சென்று தெரியும். கிளியர்ரெக்ட் பிக்சல்களைத் துடைக்கும், பாதையைத் தொடாது. எனவே ஒவ்வொரு ஸ்ட்ரோக்கும் முதல் ஃபிரேமிலிருந்து சேர்ந்த எல்லா இதழ்களையும் சேர்த்தே வரையும். நொடிக்கு 60 ஃபிரேம், ஃபிரேமுக்கு 6 இதழ். ஒரு நிமிடத்தில் 21,600 இதழ். திரையில் இதழ்கள் வட்டமாக ஈஷிக்கொண்டு, கோடு தடித்து, அசைவு தத்தித் தத்திப் போய், கணினியின் விசிறி இரையத் தொடங்கும். இது மறக்காததால் வந்த கோளாறு.

கிளிக் யாருக்கு விழுந்தது

ஒரு புள்ளியைத் தொட்டால் அது சிவக்க வேண்டும் என்றால், கிளிக் கேன்வாஸின் மேல் எங்கே விழுந்தது என்பது மட்டும்தான் கிடைக்கும். எந்தப் புள்ளி என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு 37 புள்ளிகளின் எக்ஸ், ஒய், நிறத்தை ஒரு அரேயில், அதாவது பட்டியலில், வைத்திருங்கள். கிளிக் விழுந்ததும் ஒவ்வொன்றுக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள்; 12 பிக்சலுக்குள் இருந்தால் அதுதான். புள்ளியின் ஆரம் 3 ஆனாலும் விரல் அவ்வளவு நுணுக்கமாகத் தொடாது என்பதால் இந்தத் தாராளம். அரேயில் நிறத்தை மாற்றிவிட்டு முழுப்படத்தையும் மறுபடி வரையுங்கள். வடிவங்கள் ஒன்றின் மேல் ஒன்று கிடந்தால் அரேயைக் கடைசியிலிருந்து தேடுங்கள். கடைசியாக வரைந்ததுதான் மேலே இருக்கும்.

கிளிக்கின் இடம் ஜன்னலின் மூலையிலிருந்து கணக்கிட்டு வருகிறது. கெட்பவுண்டிங்கிளையன்ட்ரெக்ட் கொண்டு கேன்வாஸின் இடது ஓரத்தைக் கேட்டுக் கழித்து, 300ஆல் பெருக்கி, திரையில் அது உண்மையில் பிடித்திருக்கும் அகலத்தால் வகுத்தால் நம் எக்ஸ் வரும். ஒய்க்கும் அதேபோல. கேன்வாஸுக்கு பார்டர் போட்டிருந்தால் அந்தத் தடிமனும் கணக்கில் புகுந்து தொடுமிடம் சற்றே பிசகும். பார்டரை அதைச் சுற்றியுள்ள பெட்டிக்குப் போடுங்கள். விரலால் இழுத்து வரையும்போது பக்கம் உருண்டால் சிஎஸ்எஸ்ஸில் டச்ஆக்ஷன் நன் என்று வைக்க வேண்டும்.

தமிழ் எழுத்தும் படங்களும்

ஃபில்டெக்ஸ்ட்டுக்கு எழுத வேண்டியதையும் எக்ஸ், ஒய்யையும் கொடுக்கலாம். அந்த ஒய் எழுத்தின் தலை அல்ல, எழுத்து உட்காரும் கோடு. 0, 0இல் எழுதினால் எல்லாம் பலகைக்கு மேலே போய், ‘ழு’ போன்ற எழுத்துகளின் வால் மட்டும் எட்டிப் பார்க்கும். வரி மடங்காது, வரி முறிக்கும் குறி கொடுத்தால் அதை வெறும் இடைவெளியாகவே எடுத்துக்கொள்ளும். எழுத்துருவைச் சொல்லும்போது அளவும் பெயரும் இரண்டும் வேண்டும். ஒன்று விட்டாலும் சொன்னதைப் புறக்கணித்து இருந்ததிலேயே தொடரும். ஆரம்ப இருப்பு 10 பிக்சல்.

தமிழை முழுச் சொல்லாகக் கொடுத்தால் பிரவுசர் சரியாகவே வரையும். தட்டச்சு செய்வதுபோல ஒவ்வொரு எழுத்தாக வரவேண்டும் என்று சொல்லை வெட்டினால்தான் வம்பு. ‘கோலம்’ நமக்கு மூன்று எழுத்து, ஜாவாஸ்கிரிப்டுக்கு 5. க, ஓகாரக் குறி, ல, ம, மேற்புள்ளி என்று அது பிரிக்கும். தனியாக விழும் குறி, புள்ளியிட்ட வட்டத்தோடு அசிங்கமாக வந்து நிற்கும். இன்ட்ல் செக்மென்டர் என்ற கருவி கோ, ல, ம் என்று சரியாகப் பிரித்துத் தரும்.

இணையத்திலிருந்து எழுத்துரு எடுக்கிறீர்கள் என்றால் அது வந்து சேரும் முன் வரைந்துவிடாதீர்கள். சாதாரணப் பத்தியில் எழுத்துரு தாமதமாக வந்தாலும் பிரவுசர் தானே மாற்றிக்கொள்ளும். கேன்வாஸில் மாறாது, அங்கே இருப்பது எழுத்தல்ல, பிக்சல். டாக்குமென்ட் ஃபான்ட்ஸ் லோட் என்று கேட்டுக் காத்திருந்து வரையுங்கள். படக்கோப்புக்கும் இதே பொறுமை தேவை: படம் வந்து சேர்ந்ததைச் சொல்லும் ஆன்லோட் வந்த பிறகே, அதைப் பலகையில் போடும் டிராஇமேஜ். முன்பே கூப்பிட்டால் ஒன்றும் வராது, பிழையும் வராது. இன்னொரு தளத்தின் படத்தை அனுமதியில்லாமல் வரைந்தால் படம் தெரியும், ஆனால் பலகை கறைபட்டதாகக் குறிக்கப்படும். பிறகு அதன் பிக்சல்களைப் படிக்கவோ கோப்பாகச் சேமிக்கவோ பாதுகாப்புப் பிழை காட்டி மறுத்துவிடும். கணினியில் உள்ள கோப்பை நேரடியாக இரட்டைக் கிளிக்கில் திறந்து சோதிப்பவர்களுக்கும் இந்தப் பிழை வரக்கூடும். சின்ன லோக்கல் சர்வர் ஒன்றை ஓட்டிச் சோதியுங்கள்.

பத்துப் பதினைந்து வடிவம், ஒவ்வொன்றின் மேலும் மவுஸ் போனால் விவரம் தெரிய வேண்டும், அச்சிட்டால் கூர்மையாக வரவேண்டும் என்றால் கேன்வாஸை விட்டுவிட்டு எஸ்விஜிக்குப் போங்கள். திரைவாசிப்பான் பயன்படுத்துவோருக்குக் கேன்வாஸ் வெறும் காலிப் பெட்டி. என்ன வரைந்திருக்கிறது என்பதைத் திறக்கும் டேகுக்கும் மூடும் டேகுக்கும் நடுவே ஒரு வாக்கியமாக எழுதி வைத்தால் அவர்களுக்கு எட்டும்.

முடித்த கோலத்தைக் கோப்பாக எடுக்க டூபிளாப் இருக்கிறது. ஒன்றும் சொல்லாவிட்டால் பிஎன்ஜியாகத் தரும். ஜேபெக் கேட்டால் வெறுமையாக விட்ட இடமெல்லாம் கறுப்பாகிவிடும், ஏனென்றால் அந்த வகையில் ஊடுருவும் இடம் என்று ஒன்று இல்லை. கறுப்புப் பேனாவால் வரைந்திருந்தால் கோலமே தெரியாது. துடைத்த பிறகு, முதல் புள்ளி வைக்கும் முன், வெள்ளை நிறத்தில் 300க்கு 300 ஒரு ஃபில்ரெக்ட் போட்டுவிடுங்கள்.